படம் மட்டும் போதுமா?

மூளையின் அடியில் பட்டாணியளவாய் அமைந்தது பிட்யூட்டரி சுரப்பி. அதன் நோய்களைப் பற்றி அமெரிக்க அறுவை மருத்துவ அறிஞர் ஹார்வி குஷிங் 1912-ம் ஆண்டில் நூல் வெளியிட்டார். சுரப்பி தங்கும் எலும்புக்குழி எக்ஸ் கதிர்ப் படத்தில் விரிந்து தோன்றினால் கட்டியுண்டு எனக் கொள்வது அக்கால முறை.

அந்நூலினும் சிறந்தது 1932-ல் அவர் எழுதிய கட்டுரை. முகம் உருண்டு, வயிறு பருத்து, கைகால் மெலிந்து வாடிய பன்னிருவரை ஆராய்ந்து, சுரப்பியில் தோன்றும் மிகச் சிறு கட்டியும் இக்கேட்டை விளைக்கும் என்றார். குழியை விரிக்காத அக்கட்டியைப் படம் காட்டாது, உடற்குறி காட்டிற்று. ஆனால், பன்னிருவருள் சிலரிடம் கட்டி மெய்ப்பிக்கப்படவில்லை. கார்ட்டிசாலை அளக்கவும் அன்று வழியில்லை. இவை அக்கட்டுரையின் குறைகள்.

இன்று எம்.ஆர்.ஐ. படம் சிறு கட்டிகளையும் காட்டுகிறது. எனினும், நலமுள்ளோர் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அப்படத்தில் சிறு புள்ளி தோன்றும். குஷிங் நோயுற்றோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்குக் கட்டி தோன்றாமலும் போகும். ஆகவே முதலில் ஹார்மோன் சோதனை, பின்னரே படம். வரிசை மாறினால் குற்றமற்ற புள்ளியின்மேல் கத்தி பாயும். படம் உருவைக் காட்டும், செயலைக் காட்டாது. குஷிங்கின் கட்டுரை இன்றும் புகட்டும் பாடம் இதுவே.