நாணயத்தின் நாணயம்

பெரும் புகழ் படைத்த பொருள் ஒன்றைக் கண்டவிடத்து, 'இப்புகழ் இதற்கு எவ்வாறு வாய்த்தது?' என வினவுதல் அறிவுடையார் கடன். வினவாது வணங்குதல் பழக்கம். வினவிய பின்னர்க் கொள்ளுதலும் தள்ளுதலும் பகுத்தறிவு. குலப்பெருமையையும் தலப்பெருமையையும் நோக்கி இவ்வினாவை நாம் நெடுங்காலமாக எழுப்பி வருகின்றோம். இன்று ஒரு காசை நோக்கி எழுப்புவோம்.

அக்காசு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1804-ஆம் ஆண்டு வெள்ளி டாலர். நாணயம் சேகரிப்போர் அதனை 'அமெரிக்க நாணயங்களின் அரசன்' என்பர். சேகரிப்போர் அவ்வரசன் முன் கைகட்டி நிற்பது புதுமையன்று; ஏலக் கூடத்தில் 1999-இல் நாற்பத்தொரு லட்சம் டாலருக்கு மேலும், 2021-இல் எழுபத்தாறு லட்சம் டாலருக்கு மேலும் கொடுத்து இதனை வாங்கியிருக்கின்றனர். இத்துணைச் சிறப்புக்கு இது தகுதியுடையதுதானா? இதன் பிறப்பை ஆராய்வோமாக.

1804-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நாணயச்சாலை 19,570 வெள்ளி டாலர்களை அடித்து வெளியிட்டது. இது கணக்கேட்டில் உள்ள செய்தி. ஆயின், அவற்றுள் ஒன்றேனும் 1804 என்னும் எண்ணைத் தாங்கவில்லை. பழைய முத்திரை அச்சுகள் இன்னும் தேயாதிருந்தமையால், 1803 முதலிய முந்திய ஆண்டுகளின் அச்சுகளைக் கொண்டே அவை அடிக்கப்பெற்றன. அத்துடன் டாலர் அடிப்பதும் நின்றது. அமெரிக்க டாலரை விட ஸ்பானிய வெள்ளி சற்று எடை மிகுந்தது. எனினும் மேற்கிந்தியத் தீவுகளில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகவே மாறின. வணிகர் புதிய டாலர்களை அங்கே கொண்டு சென்று ஸ்பானிய வெள்ளியாக மாற்றி, அதனைத் திரும்பக் கொணர்ந்து உருக்குவதற்குக் கொடுத்து ஆதாயம் கண்டனர். அரசினர் அடித்த காசு நாட்டில் தங்காதொழிந்தது. அடிப்பதில் பயனில்லை என நிறுத்தினர்.

முப்பதாண்டுகள் கழிந்தன. எட்மண்டு ராபர்ட்ஸ் என்னும் தூதர் 1833-இல் சயாம் அரசருடனும் மஸ்கட் சுல்தானுடனும் வணிக உடன்படிக்கைகள் செய்து மீண்டார். அவ்வேந்தர்களுக்குப் பரிசளிக்க, 'வழக்கிலுள்ள நம் நாணயங்களுள் வகைக்கொன்று வேண்டும்' என 1834-இல் வெளியுறவு அமைச்சகம் நாணயச்சாலைக்கு எழுதிற்று. வெள்ளி டாலரோ அப்போது அடிக்கப்படுவதில்லை. அதிகாரிகள் ஏட்டைப் புரட்டினர். டாலர் கடைசியாக வெளிவந்த ஆண்டு 1804 எனக் கண்டனர். அவ்வாண்டையே புதிய அச்சில் வெட்டினர். ஏட்டை நம்பினர், காசை எடுத்துப் பார்த்தாரில்லை. இவ்வாறு, 1804-இல் அடித்த காசுகளில் அவ்வாண்டு இல்லை. அவ்வாண்டைத் தாங்கிய காசு அவ்வாண்டில் அடித்ததன்று. மஸ்கட்டுக்கும் சயாமுக்கும் உரிய பேழைகளை ராபர்ட்ஸ் 1835, 1836-ஆம் ஆண்டுகளில் கொண்டுபோய் அளித்தார். அப்பயணத்திலேயே மக்காவ் நகரில் 1836-இல் உயிர் நீத்தார். இம்முதல் வகையில் இன்று அறியப்பட்டவை எட்டு.

இதுவரை நடந்தது பிழை, வஞ்சமன்று. வஞ்சம் பின்னர் வந்தது. 1842-இல் நாணயச்சாலையைச் சார்ந்த இருவர் வெளியிட்ட நூலில் இக்காசின் படம் இடம் பெற்றது. அதனைக் கண்டு சேகரிப்போர் ஆசை கொண்டனர். 1858-ஐ ஒட்டி நாணயச்சாலைக்குள்ளேயே சிலர் மீண்டும் 1804 டாலர்களை அடித்தனர். அவற்றுள் ஒன்று, 1857-ஆம் ஆண்டுச் சுவிஸ் நாட்டு நாணயம் ஒன்றின் மீது அடிக்கப்பட்டது. அந்நாணயத்தின் சுவடு இன்றும் அதன் முகத்தில் மங்கலாகத் தெரிகின்றது. 1857-இல் பிறந்த உடலில் 1804 என்னும் பிறப்பாண்டு! அது இன்று ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் இருக்கின்றது. அவ்விரண்டாம் வகையின் விளிம்பு எழுத்தின்றி மொட்டையாக இருந்தமையால் குட்டு வெளிப்பட்டது. ஆகவே மூன்றாம் வகைக்கு விளிம்பெழுத்தும் பொறித்து விற்றனர். இவையும் 'அரசன்' என்னும் அதே பட்டத்தைத் தாங்கி, லட்சக்கணக்கில் விலை போகின்றன.

இதன் பெருமையைக் காக்க எழுவோர் மூன்று கூறுவர். அரிது என்பர் முதலாவது. அரிதென்பது உண்மையே, ஆயின் வேண்டுமென்றே சிலவற்றை மட்டும் அடித்துவிட்டு அரிதென்பது, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இடமில்லை என்பது போலும். விலை மிகுதி என்பர் இரண்டாவது. 1794-ஆம் ஆண்டு டாலர் ஒன்று 2013-இல் ஒரு கோடி டாலருக்கும், 1933-ஆம் ஆண்டு இருபது டாலர் பொற்காசு 2021-இல் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேலும் விலை போயின. விலையே முடியாயின், அம்முடி எப்போதோ வேறு தலைக்கு மாறிவிட்டது. வரலாறு என்பர் மூன்றாவது. இதனை மறுக்க நான் துணியேன். இளங்குடியரசு ஒன்று கீழ்த்திசை வேந்தருடன் உறவு நாடி, தன் நாட்டுக் காசுகளைப் பேழையிலிட்டு அனுப்பிய செய்தி அரிய செய்தியே. 1962-இல் சயாம் பேழை மீண்டும் உலகின் பார்வைக்கு வந்தபோது, நூறாண்டு வாதம் தீர்வதற்குத் துணை நின்றதும் அதுவே. ஆயின் அப்பெருமை தூதுப் பரிசின் பெருமை, நாணயத்தின் பெருமையன்று. பரிசாகச் சென்றவற்றுக்கும் அவற்றோடு பிறந்தவற்றுக்கும் அது பொருந்தும்; பின்னர்க் களவில் அடித்தவற்றுக்கு எள்ளளவும் பொருந்தாது.

தோட்டக் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் ஒன்று உறுத்துகின்றது. செக்ரோல் ஏட்டில் ஒருநாள் வேலையை முன்தேதியிட்டுப் பதிந்தால் என் பிழைப்புப் போய்விடும். போவதும் முறையே, ஏனெனில் அந்த ஒரு நாள் ஒரு தொழிலாளியின் கூலி. இந்நாணயத்திலோ முப்பதாண்டும் ஐம்பதாண்டும் முன்தேதியிடப்பட்டிருக்கின்றன. செய்தவர் பெயர் மறைந்தது, செய்த பொருள் அரசனாயிற்று. சிறியவன் செய்தால் மோசடி, அரசின் முத்திரையோடு செய்தால் அருமை என்னும் இந்த அளவுகோல் காசுக்கு மட்டும் உரியதன்று. பழமை கூறிப் பெருமை தேடும் எதற்கும் உலகம் இதனையே கையாள்கின்றது; அதனாலன்றோ எதன் பழமையையும் ஏட்டோடும் பொருளோடும் ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது?

நம் முன்னோர் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்னும் ஒரே சொல்லை வழங்கினர். கைமாறுவது காசு, கைமாறுகையில் ஐயம் எழாமை நேர்மை. 1804-இல் அடித்த அந்தப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் டாலர்களும் பெயரின்றிப் புறப்பட்டுக் கடைத்தெருவிலும் கப்பலிலும் உழைத்துத் தேய்ந்தன. பெரும்பாலானவை உருக்குலைக்குள் மறைந்தன. கூலியாகவும் விலையாகவும் கைமாறியவை அவையே. பேழைக்குள் பிறந்த காசு ஒருவன் பசியையும் தீர்த்ததில்லை.

எனவே என் தீர்ப்பு இது: முதல் வகையைத் தூதின் நினைவுப் பொருளாகப் போற்றுக, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு நாணயச்சாலையின் இழுக்குக்குச் சான்றாகக் காத்து வைக்க. அரசப் பட்டத்தை மட்டும் இறக்கிவிடுக. அதனைச் சூட்டியே தீர வேண்டுமெனில், முகம் தேய்ந்து, எழுத்து மங்கி, எவர் கையிலோ கிடக்கும் 1803-ஆம் ஆண்டுச் சாதாரண டாலர் ஒன்றுக்குச் சூட்டுக. அரசனென்னும் பேரை அதுவும் வேண்டாது; உழைத்த காசு என்னும் பேரே அதற்குப் போதும்.