ஒலியைப் பிரித்துக் கேளுங்கள்: சின்தசைசரில் சொந்தக் குரல் செய்யும் வழி

புதிதாக ஒரு சின்தசைசர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, அதில் நிறைத்து வைத்திருக்கும் ஆயத்த ஒலிகளான பிரீசெட்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பதுதான். நூற்றுக்கணக்கில் இருக்கும்; அரை மணி நேரத்தில் காது சலித்துவிடும். இந்தக் கருவியின் உண்மையான சுகம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. எந்தச் சுரம் என்பதோடு, அந்தச் சுரம் எந்தக் குரலில் ஒலிக்க வேண்டும் என்பதையும் வாசிப்பவரிடமே விட்டுவிடும் கருவி இது. அந்தக் குரலை உருவாக்க மின்னணுவியல் படித்திருக்கத் தேவையில்லை. கேட்கும் ஒலியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்க்கும் காது வேண்டும். அது வாய்த்துவிட்டால் கை பின்னாலேயே வந்துவிடும்.

எங்கே தொடங்குவது?

1970இல் வெளிவந்த மினிமூக் சின்தசைசரின் முகப்பைப் படத்தில் உற்றுப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். இடமிருந்து வலமாகப் போனால் ஒலியைப் பிறப்பிக்கும் மூன்று ஆஸிலேட்டர்கள், அவற்றைக் கலக்கும் மிக்சர், கலந்ததைச் செதுக்கும் ஃபில்டர், ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்லும் என்வலப். இன்றைய சின்தசைசர்களில் பெரும்பாலானவை, கணினியில் ஓடும் மென்பொருள்கள் உட்பட, இந்த வழியிலேயே நடக்கின்றன. மினிமூக்கில் நினைவகம் கிடையாது. ஒலி பிடித்துவிட்டால் ஒவ்வொரு குமிழும் நின்ற இடத்தைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இன்றும் இந்தப் பழக்கத்தைப் பரிந்துரைப்பேன். கையால் குறித்தது மறப்பதில்லை.

காசு செலவழிக்காமலே கற்கலாம். வைட்டல் என்ற சின்தசைசர் மென்பொருளின் இலவசப் பதிப்பு, திறமூல மென்பொருளான சர்ஜ் எக்ஸ்டி இரண்டுமே ஆண்டுக்கணக்கில் பழகத் தாங்கும். சுமாரான ஹெட்போன் ஒன்று போதும். போனின் ஸ்பீக்கர் அடித்தள ஒலியை விழுங்கிவிடும். மெனுவில் ‘இனிட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த அலங்காரமும் இல்லாத, வறட்டுத்தனமான ஒலி வரும். அதுதான் நம் மூலப்பொருள்.

அலைகளை அடையாளம் காணுங்கள்

கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஆஸிலேட்டரின் அலை வடிவத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள். சைன் அலையில் அடிப்படைச் சுரம் மட்டுமே இருக்கும். வழவழவென்று, முகமில்லாமல் ஒலிக்கும். ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு. 110 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் 220, 330, 440, 550 என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சன்னமாக. அதனால்தான் அதில் அவ்வளவு கூர்மை. சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும்: 330, 550, 770. இடையில் ஆள் இல்லாததால் உள்ளீடற்ற, மரத்தன்மையான ஒலி. கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்களை நினைவூட்டும். முக்கோண அலையிலும் அதே ஒற்றைப்படைதான், ஆனால் மேற்சுரங்கள் வெகு சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் சைனுக்குப் பக்கத்தில் நிற்கும்.

தம்புரா கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் உண்டு. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே நூலை நகர்த்தி ஜீவா பிடிக்கும்போது கிளம்பும் அந்த ரீங்காரம், மேற்சுரங்கள் விழித்துக்கொள்ளும் ஓசைதான். அந்தக் காதோடு ரம்பப்பல் அலையை அணுகுங்கள். ஒரே சுரத்துக்குள் பல சுரங்கள் அடுக்கடுக்காய் இருப்பது தெரியவரும்.

அடுத்து, இரண்டாவது ஆஸிலேட்டரையும் திறந்து அதன் சுருதியை ஒரு மயிரிழை விலக்குங்கள். ஒன்று 440, மற்றது 441 ஹெர்ட்ஸ் என்றால் ஒலி நொடிக்கு ஒருமுறை வீங்கித் தணியும்; 442 என்றால் இருமுறை. உயிரற்ற அலைக்கு அகலமும் வெதுவெதுப்பும் வருவது இந்தச் சிறு பிசகால்தான்.

ஃபில்டர்: வாயைப் போல்

சின்தசைசரைத் தொடும் முன் ஒரு பயிற்சி. ஒரே சுருதியில் ‘ஊ’ என்று தொடங்கி, மூச்சு விடாமல் ‘ஆ’வுக்கும் ‘ஈ’க்கும் போய்த் திரும்புங்கள். குரல்வளையில் பிறக்கும் ஒலி மாறவில்லை; வாயின் வடிவம் எந்த மேற்சுரங்களை வெளியே விடுவது என்று தீர்மானிக்கிறது. ஃபில்டர் செய்வதும் இதையேதான். ரம்பப்பல் அலையை வைத்துக் கட்ஆஃப் குமிழை மெல்லக் குறையுங்கள். உச்சியிலிருந்து மேற்சுரங்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து, கடைசியில் மொத்தையான அடி ஒலி மிஞ்சும். இப்போது ரெசொனன்ஸை ஏற்றிவிட்டு அதே குமிழைத் திருப்புங்கள். வெட்டும் இடத்தில் இருக்கும் மேற்சுரம் எழும்பிப் பாடும்.

இதைப் பாட்டில் கேட்க விரும்பினால் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங்கின் 1982ஆம் ஆண்டு இசைத்தட்டைத் தேடுங்கள். அதில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்திருப்பார். அதில் அவர் பயன்படுத்திய ரோலண்ட் டிபி-303 சின்தசைசர் பெட்டியில், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் வசதி இருந்தது. கூடவே நெளியும் ஃபில்டரும். இதே பெட்டியைச் சிகாகோ கலைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற இசைக்கு அடையாளமாக்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். மெட்டை ஒதுக்கிவிட்டு ஃபில்டரின் நடமாட்டத்தை மட்டும் பின்தொடருங்கள். ஒரு தனிக் கலைஞர் போலவே அது நடந்துகொள்வது புரியும்.

காலம்தான் உயிர்

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பியானோவையும் ஆர்கனையும் நாம் பிரித்தறிய முக்கியக் காரணம், ஒலி பிறந்து மடியும் விதம். அதை நான்கு குமிழ்களில் அடக்குகிறது என்வலப். ஒலி உச்சத்துக்கு ஏற எடுக்கும் நேரம் அட்டாக்; உச்சத்திலிருந்து இறங்கும் நேரம் டிகே; விரல் கட்டையில் இருக்கும்வரை நிற்கும் அளவு சஸ்டெய்ன்; விரலை எடுத்தபின் அடங்கும் நேரம் ரிலீஸ். இவற்றில் மூன்று நேரங்கள், ஒன்று அளவு. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இதை வைத்து டிரம்பெட் சாயலில் ஓர் ஒலி செய்து பார்ப்போம். 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ழான்-க்ளோட் ரிசே டிரம்பெட்டின் ஒலியைக் கணினியில் பிரித்து ஆராய்ந்தார். மேற்சுரங்களை நிலையான அளவில் அடுக்கினால் டிரம்பெட் வரவில்லை. ஒலி பலக்கப் பலக்க மேற்சுரங்களின் பங்கும் கூடுகிறது என்பதை அவர் கண்டார். இதை நாம் செயலாக்குவது எளிது. ரம்பப்பல் அலை, கட்ஆஃப் மிகத் தாழ்வாக, ஃபில்டரைத் திறக்கும் என்வலப்பில் அட்டாக் 70 மில்லிநொடி, சஸ்டெய்ன் முக்கால் அளவு. வாசியுங்கள். உதடு குவித்து ஊதியதுபோல் சுரம் மலர்ந்து வரும். அட்டாக்கை 5 மில்லிநொடியாக்கி, டிகேயைச் சுருக்கி, சஸ்டெய்னைச் சுழியத்துக்கு இறக்கினால் ஊதியது போய் மீட்டியதாகிவிடும். அலை அதே அலைதான். காலத்தை மாற்றியதும் கருவியே மாறிவிட்டது.

அசைவு

எல்.எஃப்.ஓ. என்பது காதுக்குச் சுரமாகக் கேட்காத அளவு மெதுவாக ஆடும் ஆஸிலேட்டர். அதைச் சுருதியில் இணைத்து நொடிக்கு ஐந்தாறு முறை ஆடவிட்டால் வைப்ராட்டோ. கட்ஆஃபில் இணைத்தால் ‘வாவ்-வாவ்’. இந்த வைப்ராட்டோவை அளவுக்கு மீறி வேகமாக்கினால் என்ன ஆகும்? 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் அதைச் செய்துபார்த்தார். ஒரு கட்டத்தில் ஆட்டம் மறைந்து, முற்றிலும் புதிய ஒலிவண்ணம் தோன்றியது. அதுவே எஃப்.எம். முறை. யமஹா அதன் உரிமத்தைப் பெற்று 1983இல் டிஎக்ஸ்7ஐ வெளியிட்டது. குமிழ்கள் இல்லாத, தட்டையான பொத்தான்கள் கொண்ட அந்த முகப்பில் ஒலி செய்வது சிரமம் என்பதால் பலர் பிரீசெட்களோடு நின்றுவிட்டார்கள். எண்பதுகளின் பாடல்களில் ஒரே எலெக்ட்ரிக் பியானோ திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.

பழகும் முறை

பிரீசெட்களைப் பகைக்க வேண்டாம், பிரித்துப் பாருங்கள். பிடித்த ஒன்றை எடுத்து முதலில் ரிவெர்ப், டிலே போன்ற எஃபெக்ட்களை அணையுங்கள். பிரமிப்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும். பிறகு எல்.எஃப்.ஓ., அடுத்து என்வலப், கடைசியாக ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக விலக்கினால், எது எந்த வேலையைச் செய்தது என்பது தெளிவாகும். ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் தொடுங்கள். திருப்பும் முன் என்ன நடக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அதன் பிறகு சுற்றியுள்ள ஓசைகளுக்கு வாருங்கள். சூசன் சியானி என்ற அமெரிக்கக் கலைஞர் புக்லா சின்தசைசரில் கோக் பாட்டில் திறந்து நுரைத்து வழியும் ஓசையை விளம்பரத்துக்காகச் செய்துகொடுத்தவர். நீங்கள் குக்கர் விசிலை எடுத்துக்கொள்ளலாம். அது திடீரென்று கத்துகிறதா, ‘உஸ்’ஸென்று தொடங்கி ஏறுகிறதா? அந்த ‘உஸ்’ஸுக்கு அலை எதற்கு, சின்தசைசரின் நாய்ஸ் (இரைச்சல்) போதாதா? கூர்மையான நுனிக்கு ரெசொனன்ஸ் எவ்வளவு? அடங்குவது சட்டென்றா, மெல்லவா? இந்தக் கேள்விகளுக்குக் காதால் விடை கண்டபின் குமிழைத் தொடுங்கள். விசில் அச்சு அசலாக அமையாமல் போகலாம். வழியில் பிறக்கும் ஏதோ ஒன்று உங்களைப் பிடித்து நிறுத்தும். அதற்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்துவிட்டு, அதில் ஒரு மெட்டு வாசியுங்கள். உங்கள் சொந்தக் குரலில் நீங்கள் வாசிக்கும் முதல் மெட்டு அதுவே.