இன்டர்கூலரும் கடைமடையும்

டர்போ காருக்குப் பெரிய இன்டர்கூலர் மாட்டினால் 'சும்மா பறக்கும் சார்' என்று யாராவது ஆசை காட்டினால், பர்ஸைத் திறக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டர்போ என்பது வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுற்றுகிற காற்றாடி. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பூக்கி 1905-ல் காப்புரிமை வாங்கிய விஷயம். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்கு பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். வேளாங்கண்ணியில் ஒரு மத்தியானம், 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், சுமாரான டர்போவில் 130 டிகிரியைத் தொடும். சூடான காற்றில் சத்து குறைவு. இன்டர்கூலர் அதை 60-க்கு இறக்கினால் அடர்த்தி 20 சதவிகிதம் கூடும். நல்ல லாபம்தான். ஆனால், இதைக் கம்பெனிக்காரனே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

இனி நீங்கள் காசு போட்டு 60-ஐ 45 ஆக்கினால் மேற்கொண்டு கிடைப்பது நாலு, நாலரை சதவிகிதம். அதுவும் கூலர் மட்டமாக இருந்து, குழாய் வளைந்து வளைந்து போனால் வழியிலேயே அழுத்தம் போய்விடும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேருகிற கதை. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, நாலு சதவிகிதமாவது கிடைக்குமா? ட்யூனிங்கைத் தொடாவிட்டால் டீசல் காரில் அதுவும் சந்தேகம். டீசல் எஞ்சினின் திறனை நிர்ணயிப்பது உள்ளே பீய்ச்சும் டீசல். காற்றை மட்டும் கூட்டினால் புகை குறையும், எஞ்சின் சூடு கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். தண்ணீரை அதிகம் விட்டுவிட்டு நாற்றை அதே அளவு நட்டால் மகசூல் எங்கிருந்து வரும்?

பெட்ரோல் கார் கொஞ்சம் புத்திசாலி. சென்சார்கள் காற்றின் சூட்டையும் அழுத்தத்தையும் சொல்ல, கம்ப்யூட்டர் ஓரளவுக்கு பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். குளிர்ந்த காற்றில் 'நாக்கிங்' குறைவு என்பதால் தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே விடலாம். நிஜ லாபம் அங்கேதான். ஆனால் கம்பெனி போட்ட எல்லைக்கோட்டைத் தாண்ட, உள்ளே இருக்கும் அட்டவணையைத் திருத்தி எழுத வேண்டும். அதைச் சரியாகச் செய்யாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் பிஸ்டனில் ஓட்டை விழலாம்.

என் விமரிசனம் இன்டர்கூலர் மேல் இல்லை. அதைத் தனியாக விற்கும் வியாபாரத்தின் மேல். பளபளக்கும் அலுமினியத்தை முன்னால் மாட்டி போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டு, ட்யூனிங்கை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிறார்கள். இல்லையென்றால் ஏதோ குளிர்தேசத்து மேப்பை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். சித்திரை வெயில் அந்த மேப்புக்குத் தெரியுமா?

இன்னொன்று. இன்டர்கூலர் குளிர்வது எதிர்க்காற்றில். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் சுற்றுக்குச் சுற்று விரட்டுபவருக்குப் பெரிய கூலர் கட்டாயம் உதவும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை, நாகையிலிருந்து வேளாங்கண்ணி போகும் சாலையில் ஊர்ந்துகொண்டிருப்பவருக்கு? எதிர்க்காற்று ஏது? கூலர் கணகணவென்று சூடேறி, பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் ஏ.சி-க்கும் போகிற காற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கும். உப்புக்காற்று அதன் மெல்லிய தகடுகளை அரிப்பது தனிக்கணக்கு.

இத்தனைக்குப் பிறகும் ஆசை போகவில்லையா? மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே காரை, அதே மத்தியான வெயிலில், டைனோ மெஷினில் ஓட்டி எண்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ் மூன்றையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்து அந்த நாலு சதவிகிதம் கிடைத்துவிட்டால், தயவுசெய்து அந்தப் பத்து நாளில் வேளாங்கண்ணி சாலையில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஓரத்தில், காவி உடுத்தி, செருப்பில்லாமல், பல நாள் நடந்த களைப்போடு சனங்கள் போய்க்கொண்டிருப்பார்கள்.