சின்னானுக்கு நாலு பெல்ட்

பேர்தான் சின்னான். எடை 31 கிலோ. வெள்ளை வெளேர் உடம்பு, ரோஸ் மூக்கு, மூன்று வயது ராஜபாளையம். மதுரையில் எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்கு அவன் வெளியே வந்தால், பின்னாலேயே ஒருவர் அரை ஓட்டமாக வருவார். பெரும்பாலும் அது அப்பா. "நான் எங்கடா இவனைக் கூட்டிப் போறேன், இவன்ல என்னைய இழுத்துட்டுப் போறான்" என்று சிரித்துக்கொண்டிருந்த மனிதர், போன மார்கழியில் ஒரு நாள் முழங்கை சிராய்ந்து, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். தெருமுனையில் ஆட்டுக்குட்டி நின்றிருக்கிறது. சின்னான் பாய்ந்த வேகத்தில் அப்பா பக்கத்து வீட்டுக் கோலத்தின் நடுவில் விழுந்திருக்கிறார். கோலம் போட்ட அக்கா இன்னும் எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை.

அன்று ராத்திரியே இணையக் கடையில் 'டிரெய்னிங் காலர்' என்று தேட ஆரம்பித்தேன். அந்த ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாமான்களை விற்கிறார்கள். இழுத்தால் இறுகும் சோக் செயின், உள்பக்கம் முள் வைத்த பிராங் காலர், ஓரளவுக்கு மேல் இறுகாத மார்ட்டிங்கேல், மூக்கைச் சுற்றி வரும் ஹெட் ஹால்ட்டர், ரிமோட்டை அழுத்தினால் ஷாக் அடிக்கும் மின் காலர். மின் காலரை வாங்கவில்லை. நாயின் கழுத்தில் கரண்ட் பாய்ச்சித்தான் அதை நடக்கப் பழக்க வேண்டும் என்றால், நான் பூனை வளர்த்துக்கொள்கிறேன். இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில் 2010லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். சோக் செயின் பழைய நாய்க்கு வாங்கியது வீட்டிலேயே கிடந்தது. அதற்கு இறுக்கத்தில் எல்லை கிடையாது என்பதால் பரணிலேயே விட்டுவிட்டேன். ஆக, பிராங், மார்ட்டிங்கேல், ஹெட் ஹால்ட்டர், இவற்றோடு நெஞ்சுப் பக்கம் கொக்கி வைத்த ஹார்னஸ் ஒன்று. நாலு மாதம், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய மூன்று வாரம், நடுவில் எதுவும் இல்லாமல் சில நாள்.

ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கைத்தராசு ஒன்று இருந்தது. அதை பெல்ட்டுக்கும் லீஷுக்கும் நடுவில் மாட்டினேன். விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். சாதாரண நைலான் பெல்ட்டில் சின்னான் சும்மா நடக்கையிலேயே முள் எட்டு, ஒன்பது கிலோவில் நின்றது. ஆட்டைக் கண்டதும் 26. அப்பா விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

முதலில் பிராங். எங்கள் பக்கம் 'முள்ளு பெல்ட்' என்றால் புரியும். இமயமலைப் பக்கம் ஆட்டு மந்தைக்குக் காவல் இருக்கும் நாய்களுக்கும் முள் வைத்த இரும்புப் பட்டை போடுவார்கள். சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க, அந்த முள் வெளியே பார்த்து நிற்கும். இதில் முள் உள்ளே பார்க்கிறது. 'பிள்ளைக்கு என்ன தம்பி முள்ளு மாலை போட்டுருக்க?' என்று எதிர்வீட்டுப் பாட்டி கேட்டதற்கு நான் நீளமாக விளக்கம் சொன்னேன். பாட்டி நம்பவில்லை.

விளக்கம் இதுதான். முள் குத்துவதற்காக இல்லை, முனை மழுங்கல். லீஷ் இழுபடும்போது மேலே உள்ள சின்னச் சங்கிலி வளையம் சுருங்கி, கழுத்தைச் சுற்றிலும் எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் தோலைக் கிள்ளும். சோக் செயின் மாதிரி ஒரே இடத்தில் அறுக்காது, ஓர் அளவுக்கு மேல் சுருங்கவும் செய்யாது. கண்ணி கண்ணியாகக் கழற்றி அளவைக் குறைக்கலாம். காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல் பாகத்தில், நழுவாத அளவுக்குச் சரியாக உட்கார வேண்டும். நகை மாதிரி கீழே தொங்கவிட்டால் பயனும் இல்லை, ஆபத்தும் கூட. வீட்டுக்குள் வந்ததும் கழற்றியே ஆக வேண்டும்.

மாட்டிய முதல் நிமிடமே தராசு இரண்டு கிலோவுக்கு இறங்கியது. நிஜமாகச் சொல்கிறேன், அதிர்ந்துபோனேன். மூன்று வருஷமாக டிராக்டர் மாதிரி போனவன் என் முழங்காலுக்குப் பக்கத்தில் பூப்போல நடக்கிறான். அப்பா மறுநாளே தனியாகக் கூட்டிப் போனார். அந்த வாரம் யாராவது கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

இரண்டாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். நான் நடக்கும்போது போனைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். முன்பு அவன் எங்கே பார்க்கிறான், காது எந்தப் பக்கம் திரும்புகிறது, குப்பைத்தொட்டிக்குப் பின்னால் பூனை இருக்கிறதா என்று கண் அலைபாய்ந்துகொண்டே இருக்கும். இப்போது அந்த வேலையை முள் பார்த்துக்கொண்டது. ஒரு நாள் அவசரத்தில் பழைய நைலான் பெல்ட்டை மாட்டி வெளியே இறங்கினேன். முதல் பத்தடியிலேயே ஒன்பது கிலோ. எதுவும் மாறவே இல்லை. போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் பேட்டையில் இருக்கிறார், அவரிடம் சொன்னேன். "இது மாட்டுனா ஒரு நாயி, கழட்டுனா இன்னொரு நாயி. ரெண்டு நாய்க்குச் சோறு போடுறீங்க தம்பி" என்றார்.

அதைவிட மோசமான ஒன்று மூன்றாவது வாரம் நடந்தது. டீக்கடைச் சந்தில் மூன்று தெரு நாய்கள் குரைத்தபடி வந்தன. சின்னான் அதுவரை தெரு நாய்களிடம் வால் ஆட்டி விசாரிக்கிற ஜாதி. ஆர்வத்தில் பாய்ந்தான், முள் கிள்ளியது, 'கீச்'சென்று கத்திவிட்டு அந்த நாய்களைப் பார்த்தே உறுமினான். அவன் கணக்கு அவனுக்குச் சரி: அதுகள் வந்தன, எனக்கு வலித்தது. அடுத்த நாளிலிருந்து தூரத்தில் தெரு நாய் தெரிந்தாலே முதுகு ரோமம் நின்றது. மதுரையில் தெரு நாயைப் பார்க்காமல் நூறு கஜம் நடக்க முடியாது. வெளிநாட்டு வீடியோக்களில் காலியான புல்வெளியில் இந்த பெல்ட்டைக் காட்டுகிறார்களே, அங்கே இந்தச் சிக்கல் எப்போதாவது வரலாம். நமக்கு இருபது அடிக்கு ஒரு தரம் வரும்.

இன்னொன்று தோல். இந்த பெல்ட்டோடு படங்களில் பார்ப்பது எல்லாம் ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் மாதிரி அடிமயிர் அடர்ந்த, கழுத்து தடித்த நாய்கள். நம் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் ரோமம் குட்டை, அடிமயிர் கிடையாது, தோல் மெல்லிசு. கிள்ளல் நேராகத் தோலில். மூன்று வாரம் முடிவில் சின்னான் கழுத்தில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். கால்நடை மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். இதற்கிடையில் ஒரு கண்ணி வேறு நடுத்தெருவில் தானாகக் கழன்றுகொண்டது. நல்ல வேளை, பழைய பெல்ட்டையும் சேர்த்து மாட்டி இரண்டுக்கும் ஒரு சின்னக் கயிறு போட்டிருந்தேன். மலிவு விலைச் சாமானில் கம்பி மெல்லிசாக இருந்தால் இப்படித்தான். இந்த வகை பெல்ட்டுக்குப் பேர்போன ஹெர்ம் ஸ்ப்ரெங்கர் கம்பெனி இருப்பது ஜெர்மனியில். அதே ஜெர்மனியில்தான் 2022 ஜனவரி 1 முதல் பயிற்சியில் இதைப் பயன்படுத்தத் தடை.

'அப்படியானால் சாதா பெல்ட்டே சாது' என்று நினைக்க வேண்டாம். 2006இல் அமெரிக்கக் கால்நடை இதழ் ஒன்றில் வந்த ஆய்வு: 26 நாய்களுக்கு பெல்ட் மாட்டி இழுக்கவிட்டபோது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடியது, ஹார்னஸில் அப்படிக் கூடவில்லை. 2020இல் பிரிட்டனில் செயற்கைக் கழுத்து ஒன்று செய்து, ஏழு வகை பெல்ட்டையும் ஒரு சுருக்குக் கயிற்றையும் மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். பதிவான அழுத்தம் 83இல் இருந்து 832 கிலோபாஸ்கல் வரை. நம் கார் டயரில் அடிக்கும் காற்று சுமார் 220. அகலமாக, மெத்தென்று செய்ததுகூட முழுப் பாதுகாப்பு இல்லை என்பது அவர்கள் முடிவு. எந்த பெல்ட்டாக இருந்தாலும் இழுப்பு நிற்காதவரை மூச்சுக்குழாய்க்கு அடிதான்.

மார்ட்டிங்கேல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரேஹவுண்ட் மாதிரி தலை சிறுத்து கழுத்து பருத்த வேட்டை நாய்களுக்குப் பொருத்தமான பெல்ட். சாதா பெல்ட்டில் சின்னான் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொண்டு இரண்டு தரம் ஓடியிருக்கிறான், இதில் முடியவில்லை. இழுப்பு ஏழு கிலோ. இழுப்பை நிறுத்த இது மருந்து இல்லை, தப்பி ஓடாமல் இருக்கப் பூட்டு. விலை 450 ரூபாய். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை வைத்திருக்கும் எல்லோரும் நாளைக்கே வாங்கலாம்.

ஹெட் ஹால்ட்டர் வேறு தத்துவம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு ஏன் போடுகிறோமோ அதே காரணம், துளை மட்டும் கிடையாது. தலை திரும்பிய பக்கம் உடம்பு திரும்பும். பிரிட்டனின் ரோஜர் மக்ஃபோர்டு 'ஹால்ட்டி' என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கினார். தராசில் ஒன்றரை கிலோ. நாலிலும் குறைவு இதுதான். அப்பா ஒரே விரலில் பிடித்து நடந்தார்.

ஆனால் பழக்கக் காலம் பிடிக்கும். முதல் நாள் சின்னான் நடுரோட்டில் உருண்டு, இரண்டு முன்னங்காலாலும் மூக்கைத் தேய்த்து, காலம் சென்ற கதாநாயகி மாதிரி படுத்துவிட்டான். தப்பு என்னுடையது. வீட்டுக்குள்ளேயே, பட்டைக்குள் மூக்கை நுழைத்தால் ஒரு துண்டு ஈரல் என்று பத்து நாள் பழக்கிய பிறகுதான் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். அப்படிச் செய்ததும் சரியாகிவிட்டது. வெடுக்கென்று சுண்டவே கூடாது, கழுத்து திருகிக்கொள்ளும். நீள லீஷும் ஆகாது: ஓடிப் போய் கயிறு தீரும் இடத்தில் தலை சுளுக்கும். இன்னொரு தொந்தரவு ஜனங்கள். இது வாய்ப்பூட்டு இல்லை, இதோடு நாய் தண்ணீர் குடிக்கலாம், கொட்டாவி விடலாம். யாருக்குப் புரிகிறது? "கடிக்குமா தம்பி?" என்று ஒதுங்கிப் போனார்கள். ஒரு வகையில் வசதிதான், நடைபாதை காலியாகக் கிடைத்தது.

கடைசியாக ஹார்னஸ். முதுகில் கொக்கி உள்ள ஹார்னஸை மாட்டினால் நாய் இன்னும் நன்றாக இழுக்கும். பனிப்பிரதேசத்தில் வண்டி இழுக்கும் நாய்களுக்குப் போடுவதும் அந்த ஜாதிதான். நுகத்தடியில் தோள் கொடுத்த மாடு மாதிரி பாரம் முழுவதும் நெஞ்சில் ஏறிவிடும். கொக்கி நெஞ்சுக்கு முன்னால் இருந்தால் கதை வேறு. இழுத்ததும் உடம்பு பக்கவாட்டில் நம்மை நோக்கித் திரும்பிவிடும், முன்னேற முடியாது. இழுப்பு ஐந்து கிலோவுக்கு வந்தது, ஆட்டைக் கண்டால் பதினொன்று. கழுத்தில் எதுவும் படவில்லை. குறை என்றால் அளவுதான். ராஜபாளையத்துக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டல். கடைகளில் கிடைப்பதெல்லாம் லாப்ரடார் உடம்புக்குத் தைத்தது. அக்குளில் உராய்ந்து ஒரு பக்கம் ரோமம் போனது. சித்திரை வெயிலில் உள்ளே வேர்க்கிற மாதிரி சூடு. வலைத்துணியில் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

பெல்ட் ஒரு பக்கம் இருக்கட்டும், பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. இழுத்தால் போய்ச் சேரலாம் என்பதை மூன்று வருஷமாக நாங்கள்தான் சின்னானுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். இழுத்தான், கம்பத்துக்குப் போனான். இழுத்தான், பூங்காவுக்குப் போனான். அதைத் தலைகீழாக்க நானும் அப்பாவும் செய்தது எளிது, சலிப்பானது. லீஷ் விறைத்தால் மரம் மாதிரி நின்றுவிடுவோம். தளர்ந்ததும் நடப்போம். முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தால் வேகவைத்த கோழி ஈரல், சுண்டைக்காய் அளவு. முதல் நாள் எங்கள் வீட்டில் இருந்து தெருமுனை பிள்ளையார் கோயிலுக்கு, அதாவது இருநூறு அடிக்கு, இருபத்தைந்து நிமிடம் ஆனது. பால்காரர் இரண்டு தரம் எங்களைக் கடந்து போனார். அப்பா கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஆறாவது வாரம் பழைய நைலான் பெல்ட்டையே மாட்டித் தராசு வைத்தேன்: மூன்று கிலோ. ஆட்டுக்கு மட்டும் இன்னும் பதினைந்து. வேட்டை ரத்தம்; அதில் பேரம் படியாது.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு: நெஞ்சுக் கொக்கி ஹார்னஸும் மார்ட்டிங்கேலும் சேர்ந்து, இரண்டு முனையிலும் கொக்கி உள்ள ஒரே லீஷில். ஒன்று கழன்றால் இன்னொன்று பிடிக்கும். அப்பா தனியாகப் போகும் நாள்களில் ஹெட் ஹால்ட்டர். மணிக்கட்டோ முழங்காலோ பலவீனமான பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு அதையே சொல்வேன், பத்து நாள் பொறுமை இருந்தால். முள்ளு பெல்ட் பரணில், சோக் செயினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நண்பர் ஒருவர் இரவலாகக் கேட்டார், கொடுக்கவில்லை.

எதை வாங்கினாலும் அதற்கு முன் டேப்பை எடுத்து நாயின் கழுத்தை இரண்டு இடத்தில் அளந்துகொள்ளுங்கள், காதுக்குப் பின்னால் ஒன்று, தோளுக்கு மேல் ஒன்று. சின்னானுக்கு இரண்டுக்கும் நாலு செ.மீ. வித்தியாசம். கடைக்காரர் கேட்பது கீழ் அளவை. பெல்ட் உட்கார வேண்டியது மேலே.