வெளுத்த துணியும் விட்டுப்போன கையும்

போன மார்கழியில் கொல்லிமலையில் இரண்டு நாள் வாசிப்பு முகாம். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, தலை கிறுகிறுத்து, செம்மேட்டில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டோம். நான் பேச வேண்டியது இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ பற்றி. குளிர். போர்த்திக்கொள்ளலாம் என்று கட்டில்மேல் இருந்த வெள்ளை விரிப்பை எடுத்தேன். நாலாக, எட்டாக மடித்திருந்தது. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி மடிப்பு.

தண்ணீர் கொண்டுவந்த பையன் மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளை. “இதை யாரு தம்பி மடிச்சது?” என்று கேட்டேன்.

“யாரும் மடிக்கலீங்கண்ணா. கீழ போகுதுங்க. மெஷின்லயே வெளுத்து, மெஷின்லயே மடிஞ்சு வந்துருதுங்க.”

யாரும் மடிக்கவில்லை. மறுநாள் அந்த நாவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பேசியது பாதிதான். மீதியை மலையிறங்கி அந்தச் சலவைக்கூடத்தைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

ஒரு தோழர் சொல்லி உள்ளே விட்டார்கள். பெயர் வேண்டாம். லாட்ஜுகள், மருத்துவமனைகள், கல்யாண மண்டபங்களின் துணி அங்கே வருகிறது. ஆளுயர உருளைக்குள் துவைத்து, அதிலேயே வேகமாகச் சுழற்றித் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் ஈரத்தோடு விரிப்பு ‘காலண்டர்’ என்கிற உருளை இஸ்திரிக்குப் போகிறது. 150 டிகிரிக்கு மேல் சூடேறிய உருளை. அதன் வாயில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்துக் கொடுக்கிறார்கள். விரல் உள்ளே போய்விடாமலிருக்க முன்னால் ஒரு தடுப்பு. அதில் கை பட்டால் எந்திரம் நின்றுவிடும். அந்தத் தடுப்பைப் பார்த்ததும், அது இல்லாத காலத்தில் எத்தனை கை வெந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

அந்தப் பக்கம் மடிப்பு எந்திரம். பெல்ட்டின்மேல் விரிப்பு ஓடுகிறது. ஓர் ஒளிக்கண் அதன் முன்விளிம்பு எப்போது வந்தது, பின்விளிம்பு எப்போது போனது என்று பார்க்கிறது. நீளம் கணக்காகிவிடுகிறது. சரிபாதி வந்ததும் ‘புஸ்’ என்று காற்று அடிக்கிறது. துணியின் நடு இரண்டு உருளைகளுக்கு இடையில் விழுந்து மடிகிறது. மறுபடி பாதி. பிறகு குறுக்கே மடிப்பு. கடைசியில் அடுக்காக வந்து உட்காருகிறது. கண்ணிமைக்கும் நேரம்தான். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. நான் எந்திரத்துக்கு எதிரி இல்லை.

பின்பக்கம் இன்னொரு கூடம். அங்கே மூட்டைகள் வந்து இறங்குகின்றன. ஆஸ்பத்திரித் துணி. ரத்தம், சீழ், மலம். சில நேரம் ஊசியும் உள்ளே இருக்கும். கொட்டி, பிரித்து, ரகம் பார்த்துத்தான் எந்திரத்துக்குள் போட முடியும். மூன்று பெண்கள் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். “இதுக்கு மெஷின் கிடையாதா?” என்றேன். கூட வந்த மேற்பார்வையாளர் சிரித்தார். “இதுக்கு ஆளுதான் சார் சீப்பு.”

மூவரில் ஒருவர் புதிரை வண்ணார் வீட்டு மருமகள். அவர் போனதும் கேட்டேன். “மடிக்கிற மெஷின் பக்கம் மாத்தச் சொல்லிக் கேட்டீங்களாக்கா?”

“கேட்டங்க. அதுக்குப் படிப்பு வேணுங்கறாங்க. இதுக்கு என்னங்க படிப்பு? எங்க மாமியா படிச்ச படிப்புத்தான்.”

நான் தமிழ் எம்.ஏ. இப்படி ஒரு விமர்சன வாக்கியத்தை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. எந்திரம் மேலேயிருந்து கீழே இறங்கி வருகிறது. வெளுத்த துணியைத் தொடும் கைக்கு விடுதலை முதலில். அழுக்குத் துணியைத் தொடும் கைக்குக் கடைசியில், அதுவும் ஆள் கூலி எந்திரத்தின் விலையைவிட ஏறினால்தான். சாதி வரிசையும் இதுதானே?

இந்த வரிசை நம் இலக்கியத்திலும் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவருக்கு நினைவு வருவது வல்வில் ஓரி. அடுத்தது கொல்லிப்பாவை. நற்றிணை அந்தப் பாவையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தெய்வம் எழுதியது என்கிறது ஒரு பாட்டு (185). பூதம் செய்தது என்கிறது இன்னொன்று (192). காற்றடித்தாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் உருவம் கெடாதது என்கிறது மற்றொன்று (201). அவ்வளவு நேர்த்தியான வேலை. செய்தது யார்? தெய்வம், பூதம். ஒரு தச்சனோ கொல்லனோ சிற்பியோ கிடையாது. வேலை நேர்த்தியாக இருந்தால் செய்த கையைக் காணாமல் செய்துவிடுவது இந்த மண்ணில் பழைய பழக்கம். ‘யாரும் மடிக்கலீங்கண்ணா’ என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்குப் பாவைதான் ஞாபகம் வந்தது.

அதே சங்கப் பாட்டு துணி வெளுக்கிற பெண்ணைப் பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறது. புலைத்தி என்று பெயர். களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் வெளுக்கிறவளைப் புறநானூறு (311) காட்டுகிறது. உவர் உள்ள மண்ணில்தான் அழுக்கு போகும் என்ற தொழில் அறிவு அதில் இருக்கிறது. கஞ்சிப் பசையில் தோய்த்துத் தண்ணீரில் போட்ட துணியைக் குறுந்தொகை (330) காட்டுகிறது. ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் இரவிலும் ஓயாத அவளது கையை நற்றிணை (90) காட்டுகிறது. ஆக, கையைப் பார்த்த பாட்டுகள் இவை. ஆனால் எதற்காகப் பார்த்தன? பகன்றைப் பூ முறுக்கு அவிழாத துணியைப் போல இருக்கிறது என்று சொல்வதற்கு. அந்தத் துணியை உடுத்துகிறவனின் வீரத்தைச் சொல்வதற்கு. புலைத்தி வருகிறாள், வெளுக்கிறாள், போகிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் வாய் திறந்து பேச 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் ஆரோக்கியம் பேசுகிறாள், திட்டுகிறாள், ஒப்பாரி வைக்கிறாள், ஓயாமல் பேசுகிறாள். பறையர் காலனிக்குத் துணி வெளுக்கும் குடும்பம். பிள்ளைப்பேறு பார்ப்பதும் சாவுக் காரியம் செய்வதும் அவர்கள் வேலை. கூலி, பொழுதுசாய வீடுவீடாக எடுக்கும் சோறும், களத்தில் அளக்கும் தானியமும். நம்பிக்கையோடு கோயிலுக்குப் போகும் பயணத்தில் தொடங்கும் கதை, துணி வெளுக்கப் போகும் நடையில் முடிகிறது.

நாவல் வந்தபோது தலித் இதழ்களிலேயே பெரிய விவாதம் நடந்தது. ராஜ் கௌதமன் கடுமையாக விமர்சித்தார். ஒடுக்கப்பட்ட மக்களையே ஒடுக்குகிறவர்களாகக் காட்டலாமா என்பதுதான் கேள்வியின் சாரம். அதை அப்படியே தள்ளிவிட முடியாது. நம் ஒற்றுமை உடைவதைக் கைதட்டிப் பார்க்க ஊரில் ஆள் இருக்கத்தான் செய்கிறது. கல்லூரியில் படிக்கும்போது நானும் அந்தக் கட்சிதான். ‘நம்ம வீட்டு அழுக்க ஊரான் வாசல்ல காயப் போட்டுட்டாரு’ என்று ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கினேன். நான் பயன்படுத்திய உவமையைக் கவனியுங்கள். அழுக்கு, காயப்போடுவது. வண்ணாரின் வேலையை எடுத்து, வண்ணாரைப் பற்றிய நாவலையே அடித்திருக்கிறேன். அன்று எனக்கு உறைக்கவில்லை.

இன்று என் குறை வேறு. நாவலைத் தாக்கியவர்களும் தாங்கியவர்களும் சேர்ந்து ஒரே இடத்தில் தவறினோம். யார் யாரைத் தீட்டு என்றார்கள் என்று வாசித்தோமே தவிர, யார் யாருடைய வேலையைத் தின்றார்கள் என்று வாசிக்கவில்லை. தீட்டை மட்டும் வாசித்தால் தீட்டு போனதும் கதை முடிந்துவிடும். துணியை எந்திரம் வெளுத்தால் தீட்டு ஏது? விடுதலை வந்தாயிற்று! வேலையை வாசித்திருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். வேலை போன கைக்கு என்ன கொடுத்தீர்கள்?

ஆரோக்கியம் பழைய முறை அழிவதைப் பார்த்து அழுகிறாள். அடிமைத்தனத்துக்காக அழும் பெண்ணா என்று பலருக்கு எரிச்சல். எனக்கும் நாவலோடு இங்கே சண்டை உண்டு. ஒப்பாரி நீண்டுகொண்டே போகும்போது, அந்தக் காலமே பரவாயில்லை என்ற ஏக்கத்தில் வாசகர் வழுக்கி விழ இடம் இருக்கிறது. ஆனால் அவள் அழுவது களத்து நெல்லுக்காக. இழிவோடு கட்டிக் கொடுத்திருந்தாலும் அது அவளுக்கு உரிமை. நாம் இழிவை விட்டோமா என்பது சந்தேகம். நெல்லை நிறுத்தினோம் என்பது நிச்சயம்.

எந்திரத்தை யார் எதற்குக் கொண்டுவருகிறார்கள் என்பதற்குக் கடல் கடந்து ஒரு பாடம் இருக்கிறது. 1881இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் துணி வெளுக்கும் கறுப்பினப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அடிமைமுறை ஒழிந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. இருபது பேர் தொடங்கிய சங்கம் மூன்றே வாரத்தில் மூவாயிரம் பேரானது. பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்று விலை வைத்தார்கள். நகரத்துச் செல்வர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீராவிச் சலவைக்கூடம் கட்டப்போகிறோம், வரிவிலக்கு வேண்டும் என்று கிளம்பினார்கள். எந்திரத்தைக் காட்டி மிரட்டினார்கள். அந்தப் பெண்கள் மிரளவில்லை. எங்கள் தொழிலுக்கு நாங்களே உரிமக் கட்டணம் கட்டுகிறோம், விலையும் நாங்களே வைப்போம் என்று மேயருக்கு எழுதினார்கள்.

நம் பக்கம் அப்படிச் சங்கம் கூட முதலில் வெளிச்சத்துக்கு வர வேண்டுமே. திருநெல்வேலிப் பக்கம் புரத வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் வேலை என்று 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளிதழ் எழுதியதை அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். அவர்கள் வெளுத்தது யார் துணியை? தீண்டப்படாதவர் என்று சொல்லப்பட்ட நம் துணியை. தமிழக அரசு 2009இல் புதிரை வண்ணாருக்கு நல வாரியம் அமைத்தது. ஆனாலும் சாதிச் சான்றிதழ் வாங்கவே அலைய வேண்டியிருக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் படிப்புக்கு உதவி இல்லை. படிப்பு இல்லாவிட்டால் மடிக்கிற மெஷின் பக்கம் போக முடியாது. பின்பக்கக் கூடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

படிப்பு என்றதும் ஒன்று. வண்ணார் துணிக்குத் துணி குறி போடுவார்கள். சேங்கொட்டைச் சாறு, கையில் பட்டால் கொப்பளிக்கும். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அழியாத குறி. வெளியாள் பார்த்தால் புள்ளியும் கோடும்தான். அவர்களுக்கு வீடு, ஆள், கணக்கு எல்லாம் அதில் உண்டு. இன்று பெரிய சலவைக்கூடங்களில் துணியோரத்தில் பார்கோடு ஒட்டுகிறார்கள், சில்லு தைக்கிறார்கள். அதைத் தொழில்நுட்பம் என்கிறோம். சேங்கொட்டைக் குறி போட்டவரை எழுத்தறியாதவர் என்றோம். வெள்ளாவிப் பானையில் நீராவியால் அழுக்கெடுத்தவருக்கு அறிவு இல்லை, பாய்லர் வைத்தவருக்கு அறிவு உண்டு! தலித் விமர்சனம் இந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். உழைப்பை அறிவாக வாசிக்கத் தெரியாத விமர்சனம், எவ்வளவு கலகம் பேசினாலும், ஆண்டைகளின் மூக்கை வைத்துக்கொண்டு மோந்து பார்க்கிற விமர்சனம்தான்.

எங்கள் காலனிக்கும் ஒரு வண்ணாத்தி இருந்தார். என் பாட்டி வயசு. நான் அரை டவுசர் போட்ட பொடியன். “ஏ வண்ணாத்தி, சோறு வாங்க வா” என்று கூப்பிடுவேன். அவர் என்னை “சாமி” என்பார். ஊர்த் தெருவில் என் அப்பாவை ஒரு பொடியன் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு நாள் முழுக்கக் கொதித்தவன்தான் நானும்.

மலையிறங்கி வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். “அம்மா, நம்ம வண்ணாத்தி பேரு என்ன?”

அம்மா யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். “வண்ணாத்தின்னுதான்டா கூப்புடுவோம்” என்றார்.

என்னைப் பெற்றபோது தொப்புள்கொடி அறுத்தது அவர்தானாம். அதையும் அன்றுதான் சொன்னார். பெயர் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

தோழர்களே, உங்கள் காலனியிலும் கேட்டுப் பாருங்கள்.