பான்கர்: பேய்க்கதை மறைத்த ஒரு கடைத்தெரு

பான்கர் என்று தமிழில் தேடிப் பாருங்க. வரிசையாக வீடியோ வரும். இருட்டில் ஒரு கோட்டை, வெள்ளைப் புடவையில் ஒரு பெண், ஒரு சிவப்பு அம்புக்குறி, "இரவில் போனால் திரும்ப மாட்டீர்கள்" என்று ஒரு வரி. பத்துப் பதினைந்து பார்த்தேன். இந்தியாவின் பேய் இடங்கள் பட்டியல் எதிலும் இந்த ஊர் விடுபடுவதில்லை. ஆனால் அங்கே யார் வாழ்ந்தார்கள், ஊர் ஏன் காலியானது என்று கேட்டால் அதே மந்திரவாதி கதைதான் பதிலாக வருகிறது.

பேய் உண்டா இல்லையா என்பதல்ல என் சண்டை. அந்தக் கதை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

பான்கர் இருப்பது ராஜஸ்தானில், ஆல்வார் மாவட்டத்தில், சரிஸ்கா காட்டின் ஓரத்தில். ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 80 கி.மீ. ஆரவல்லி மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. 1573-இல் ஆம்பேர் கச்வாஹா குலத்து பகவந்த் தாஸ் தன் இளைய மகன் மாதோ சிங்குக்காக இதை அமைத்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. இந்த மாதோ சிங் யாருன்னா, அக்பரின் புகழ்பெற்ற தளபதி மான் சிங்கின் தம்பி. 1562-இல் அந்தக் குடும்பத்துப் பெண்ணை அக்பர் மணந்ததிலிருந்தே கச்வாஹாக்களின் கை ஓங்கியது. 1572-இல் அக்பர் குஜராத் மேல் படையெடுத்தபோது பகவந்த் தாஸும் மான் சிங்கும் கூடப் போனார்கள். ஆக, இது முகலாய சேவையில் உயர்ந்துவந்த ஒரு குடும்பம், வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் கட்டிய ஊர்.

"ஊர்" என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். வீடியோக்கள் எல்லாம் "பான்கர் கோட்டை" என்று சொல்லி, மலையடிவாரத்தில் இருக்கும் இடிந்த அரண்மனையை மட்டும் காட்டுகின்றன. ஆனால் அரண்மனை ஊரின் கடைசியில் இருக்கிறது. நான் போனபோது அதைச் சேரவே வெகுநேரம் ஆனது. வழியில் பார்க்க அவ்வளவு இருந்தது.

வெளிமதிலில் அனுமன் வாசல், டில்லி வாசல், அஜ்மீரி வாசல், லாகோரி வாசல், பூல்பாரி வாசல் என்று வாசல்கள். பேரை மட்டும் கவனிங்க. டில்லி, அஜ்மீர், லாகூர். இவை பெரிய நகரங்களின் பெயர்கள். காட்டுக்குள் ஒளிந்த கோட்டை தன் வாசல்களுக்கு இப்படிப் பேர் வைத்துக்கொள்ளாது. இந்த ஊர் தன்னை வெளியுலகத்தோடு சேர்த்துத்தான் நினைத்திருக்கிறது.

அனுமன் வாசலுக்குள் நுழைந்தால் கடைத்தெரு. ஜோஹரி பஜார், அதாவது நகைக்கடைத் தெரு என்று அதற்குப் பெயர். இரண்டு பக்கமும் வரிசை மாறாமல் கடைகளின் மேடைகள், தடுப்புச் சுவர்கள், சில இடங்களில் மாடி இருந்ததற்கான அடையாளம். கடைகள் ஏறக்குறைய ஒரே அளவு. அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்ட தெரு இல்லை இது, திட்டம் போட்டுக் கட்டியது. கொஞ்ச தூரத்தில் நாட்டியக்காரிகளின் மாளிகை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். புரோகிதரின் மாளிகை என்று இன்னொன்று. தெரு முடியும் இடத்தில் திரிபோலியா, அதாவது மூன்று வளைவு வாசல். அதைத் தாண்டினால் கோயில்கள்: உயர்ந்த மேடைமேல் கோபிநாதர், குளத்தை ஒட்டி சோமேஸ்வரர், இன்னும் கேசவ ராய், மங்களா தேவி. அதற்கும் மேலே, கடைசியில்தான், அரண்மனை. முதலில் வியாபாரம், அப்புறம் சாமி, அதற்கப்புறம் ராஜா. வாசலிலிருந்து மேலே ஏறுகிறவனுக்கு ஊர் தன்னை அந்த வரிசையில் காட்டுகிறது.

இனி பேய்க்கதைக்காரர்கள் காட்டும் "ஆதாரங்களுக்கு" வருவோம்.

முதல் ஆதாரம்: வீடுகளுக்குக் கூரை இல்லை, கோயில்கள் மட்டும் முழுசாக நிற்கின்றன, இது சாபம். சுவர்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். வீடுகளும் கடைகளும் ஒழுங்கில்லாத கற்களைச் சாந்தில் பதித்துக் கட்டியவை. ஆள் குடியிருந்து வருஷா வருஷம் பூசி மெழுகினால்தான் அவை நிற்கும். ஆள் போனதும் மழைத்தண்ணி முதலில் கூரைக்குள்தான் இறங்கும். பிறகு ஆலும் அரசும் வேர் விடும். கோயில் அப்படி இல்லை. செதுக்கிய கல்லைக் கல்மேல் அடுக்கி, எடை நேராக அடியில் இறங்குகிற மாதிரி எழுப்பிய சிகரம் அது. கூரைகள் விழுந்ததும் சிகரங்கள் நின்றதும் கட்டட வேலையின் கணக்கு. இருநூறு வருஷம் கைவிடப்பட்ட எந்த ஊரிலும் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது ஆதாரம்: தொல்லியல் துறையே "இரவில் போகாதே" என்று பலகை வைத்திருக்கிறது. பலகை இருப்பது உண்மை. சூரியன் உதிக்கும் முன்னும் மறைந்த பின்னும் உள்ளே போகக் கூடாது என்கிறது. பேய் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கான 1959-ஆம் ஆண்டு விதிகளிலேயே உதயம் முதல் அஸ்தமனம் வரை என்ற நேரக் கணக்கு வருகிறது. நாட்டில் பல இடங்களுக்கும் பொதுவான விதி, இங்கே மட்டும் பேய்க்குச் சான்றிதழ் ஆகிவிட்டது!

இனி கதை. இரண்டு கதைகள் உண்டு. ஒன்றில் பாலூநாத் என்ற துறவி. "உன் அரண்மனையின் நிழல் என் இருப்பிடத்தின் மேல் விழக்கூடாது" என்று நிபந்தனை போட்டு ஊர் கட்ட அனுமதி தருகிறார். பின்னால் வந்தவன் ஒருவன் மாடிமேல் மாடி எழுப்ப, நிழல் விழுந்து, ஊர் அழிகிறது. இந்தக் கதையை எனக்குப் பிடிக்கும். அதிகாரம் எவ்வளவு உயரம் போகலாம் என்று கேட்கிற கதை அது. ஆனால் இதற்கு வீடியோவில் மவுசு குறைவு.

மவுசு உள்ள கதையில் இளவரசி ரத்னாவதி. அவள் மேல் ஆசை வைத்த மந்திரவாதி அவளுக்குப் போகும் வாசனைத் திரவியத்தில் வசியம் வைக்கிறான். அவள் தெரிந்துகொண்டு அதைப் பாறைமேல் வீச, பாறை உருண்டு அவனை நசுக்குகிறது. சாகும்போது ஊரையே சபிக்கிறான். அடுத்து பான்கருக்கும் அஜப்கருக்கும் போர், எல்லாரும் சாவு.

இங்கேதான் இடிக்கிறது. அஜப்கர் எதிரி ஊரே கிடையாது. அதைக் கட்டிய அஜப் சிங், மாதோ சிங்கின் பேரன். ஒரே வீட்டுப் பிள்ளைகள். அப்புறம் ரத்னாவதி. பிரியாதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தமாலுக்கு எழுதிய உரையில் ஒரு ரத்னாவதி வருகிறாள். மான் சிங்கின் தம்பி மாதோ சிங்கின் மனைவி, கிருஷ்ண பக்தை. புருஷன் எதிர்த்தும் பக்தியை விடாதவள். அவளைக் கொல்ல விலங்கை அவிழ்த்துவிட்டால், அதையே நரசிம்மமாகப் பார்த்துப் பூஜை செய்கிறாள். பேரும் அதே, வீடும் அதே. பேய்க்கதை ரத்னாவதி இவளிடமிருந்துதான் பேரைக் கடன் வாங்கியிருப்பாள் என்பது என் ஊகம். தன் விருப்பப்படி வாழ்ந்த ஒரு ராணி, கடைசியில் ஒருத்தன் ஆசைப்பட்ட பொருளாகச் சுருங்கிவிட்டாள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, ஊர் ஏன் செத்தது? ஒரே ராத்திரியில் இல்லை. 1720-இல் ஜெய் சிங் இதைப் படைபலத்தால் தன் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டார். ஏழு வருஷம் கழித்து, 1727-இல், அதே ஜெய் சிங் ஜெய்ப்பூரைத் தொடங்கினார். அங்கேயும் ஒரு ஜோஹரி பஜார்! புதுத் தலைநகரம் ஒன்று எழும்போது வியாபாரியும் கொத்தனாரும் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மிச்சம் இருந்ததை 1783-இன் பஞ்சம் முடித்தது. வட இந்தியாவை வாட்டிய அந்தப் பஞ்சத்துக்கு "சாலீசா" என்று பெயர். சாலீஸ் என்றால் நாற்பது. விக்ரம சம்வத் 1840-இல் வந்ததால் அந்தப் பெயர். ஜனங்கள் ஒரு சாவை ஆண்டுக் கணக்கின் கடைசி இரண்டு எண்ணால் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றால் அது எப்படிப்பட்ட வருஷமாக இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. மழை இல்லை, தீவனம் இல்லை, மாடு செத்தது, தானிய விலை எட்டாத உயரம் போனது. 1573-இலிருந்து எண்ணினால் 210 வருஷம் வாழ்ந்த ஊர். அதற்குப் பிறகு அங்கே குடியிருப்பு இல்லை.

பேய்க்கதையின் மேல் என் குற்றச்சாட்டு இதுதான். மந்திரவாதியின் சாபம் என்று சொல்லிவிட்டால் படையெடுத்தவரும் தப்பிக்கிறார், பசியும் மறைந்துவிடுகிறது. பட்டினியோடு வாசலைத் தாண்டிப் போனவர்களுக்குக் கதையில் இடமே இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேய்க்கதை இல்லாவிட்டால் இத்தனை பேர் அங்கே போக மாட்டார்கள். நானும் அந்தப் பேரை முதலில் கேட்டது பேய்ப் பட்டியலில்தான். அருகிலுள்ள ஊர்க்காரர்கள் சொல்லும் சாபக்கதையை நான் கேலி செய்யவும் இல்லை. ஆளில்லாத ஊரின் பக்கத்தில் தலைமுறைகளாக வாழ்கிறவர்களுக்கு அதைப் பற்றிப் பேச ஏதோ ஒரு மொழி வேண்டும். ஆனால் அம்புக்குறி போட்டு விற்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

போகிறவர்கள் காலையிலேயே போங்க. அரண்மனைக்கு ஓடாதீங்க. கடைத்தெருவில் ஏதாவது ஒரு கடையின் மேடையில் கொஞ்ச நேரம் உட்காருங்க. எதிர்க்கடை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று பாருங்க. இந்தப் பக்கத்துக்காரர் குரல் கொடுத்தால் அந்தப் பக்கத்துக்காரருக்குக் கேட்டிருக்கும்.