கூம்பு ஊதிய புல்லாங்குழல்

பழைய ஓபரா இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர்களிடம் ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும். கீறலையும் இரைச்சலையும் ஒதுக்கக் காது பழகிவிட்டால் போதும், நெல்லி மெல்பாவின் சாரீரம் அப்படியே கிடைத்துவிடும் என்பார்கள். இரைச்சலைக் கணினியில் வடித்தெடுத்த புதுப் பதிப்புகள் வரத் தொடங்கியதும் இந்த வாதத்துக்குத் துணிச்சல் கூடிவிட்டது. புல்லாங்குழல் போன்ற அந்தத் தூய்மை இன்று எந்த சொப்ரானோவுக்கு வாய்த்திருக்கிறது என்று கேட்கிறார்கள்.

தட்டுகளுக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை. வெர்டியே மெச்சிய அடலீனா பாட்டி 1843இல் பிறந்தவர். 1905 டிசம்பரில் வேல்ஸிலுள்ள தம் கிரெய்க்-ஒய்-நோஸ் மாளிகையில் ஒலிப்பதிவுக்குப் பாடியபோது அவருக்கு வயது 62 (பெயரும் வயதும் தமிழ்க் காதில் பொருந்திப்போவது தற்செயல்). சுரத்திலிருந்து சுரத்துக்கு அவர் வழுக்கிச் செல்லும் விதம் நம் ஜாருவுக்கு நெருங்கிய உறவு. காலப்பிரமாணத்தை அவர் இழுத்தும் விட்டும் பாடுவதைக் கேட்டால், 19ஆம் நூற்றாண்டின் பாடுமுறை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக விளங்கும். மெல்பாவின் ட்ரில், இன்னொரு சொப்ரானோ டெட்ராசினியின் பிருகா, இவற்றிலும் தகராறில்லை.

தகராறு சாரீரத்தின் நிறத்தைப் பற்றியது.

1925வரை இசைத்தட்டுப் பதிவுக்கு மைக்ரோபோன் வரவில்லை. பாடகி ஒரு கூம்புக்குள் பாடுவார். அந்தக் காற்றதிர்வே மெல்லிய தகட்டை அசைக்க, ஊசி மெழுகில் வரி கீறும். இந்த ஏற்பாடு ஏறக்குறைய 200 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான் உருப்படியாகப் பிடித்தது. சொப்ரானோவின் உச்ச ‘ஸி’ சுமார் 1,046 ஹெர்ட்ஸ். அதன் முதல் மேற்சுரம் 2,093. அடுத்தது 3,140, கூம்புக்கு எட்டாது. ஆனால் ஒரு குரலை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதே மேற்சுரங்களின் கலவைதான். அடிப்படைச் சுரமும் ஒற்றை மேற்சுரமும் மட்டும் மிஞ்சினால் எவர் குரலும் புல்லாங்குழலாகத்தான் கேட்கும். 1902இல் மிலானில் டெனர் கருசோ பாடிய தட்டுகளில் மட்டும் ஏன் அவ்வளவு உயிர்? டெனரின் 440 ஹெர்ட்ஸ் சுரத்தை எடுத்துக்கொண்டால், அதே எல்லைக்குள் ஐந்து கூறுகள் அடங்கிவிடுகின்றன.

ஆகவே மெல்பாவின் ‘தூய்மை’யில் எவ்வளவு அவர் தொண்டையில் பிறந்தது, எவ்வளவு கூம்பில் பிறந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரைச்சலை நீக்கலாம், பதிவாகாத ஒன்றை எங்கிருந்து மீட்பது? நிம்பஸ் நிறுவனம் 1989 முதல், பெருங்கூம்பு பொருத்திய கிராமபோனில் தட்டை ஓடவிட்டு, எதிரொலிக்கும் கூடத்தில் மறுபதிவு செய்து வெளியிட்டது. கேட்க இதமாகத்தான் இருந்தது. அந்த இதத்தைக் கொடுத்தது கூடம்.

வேகமும் இருக்கிறது. 78 சுற்று என்பது பெயருக்குத்தான். ஆரம்பகாலத் தட்டுகள் பல 70க்கும் 80க்கும் இடையே எங்கெங்கோ வெட்டப்பட்டவை. 74இல் வெட்டியதை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைச்சுரம் ஏறும், குரலின் நடுக்கம் துரிதப்படும், அறுபது வயதுக்கு இளமை திரும்பும். பழைய தட்டுகளைச் சீர்செய்து மறுபதிப்பிடும் வார்ட் மார்ஸ்டன் போன்றவர்கள் சரியான வேகத்தைத் தேடி மெனக்கெடுவது இதனால்தான். அந்த மெனக்கெடல் இல்லாத பதிப்பைக் கேட்டு உருகியவர்கள் எத்தனை பேரோ!

இந்த மயக்கம் பாராட்டோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். 1908 ஜனவரி 1 அன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் மாலர் இசைக்குழுவை நடத்த, நாயகி இசோல்டேயாகப் பாடியவர் ஆலிவ் ஃப்ரெம்ஸ்டாட். எழுத்தாளர் வில்லா கேதர் தம் நாவல் ஒன்றின் நாயகிக்கு ஓரளவு மாதிரியாகக் கொண்டது இவரைத்தான். கொலம்பியாவுக்கு அவர் பாடிய சொற்பத் தட்டுகளைக் கேட்டுவிட்டு, ‘ஏமாற்றம்’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அடர்ந்த, இருண்ட குரல் அது. கூம்பு வடிகட்டிப் போட்டதும் அந்த அடர்த்தியைத்தான். லேசான உயர்குரல்களுக்கு மகுடம், கனத்த குரல்களுக்குக் கைவிரிப்பு என்று ஒரு கருவி எழுதிய தரவரிசையை ரசிகர்கள் வரலாறாக ஒப்பிக்கிறார்கள்.

சந்தேகப்படுகிறவர்கள் ரோசா பொன்செல்லைக் கேட்கலாம். பெல்லினியின் ‘காஸ்தா தீவா’வைக் கூம்புக் காலத்திலும் பாடினார், மைக்ரோபோன் வந்தபின் 1920களின் இறுதியிலும் பாடினார். இடையில் கலை முதிர்ந்தது உண்மை. ஆனால் இரண்டாவது தட்டில் கேட்கும் அந்த வெல்வெட் திண்மை முழுதும் சில வருடச் சாதகத்தில் விளைந்தது என்று எவரும் சாதிக்க முடியாது.

பாட்டியின் மாளிகைக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போனவர் ஃபிரெட் கேய்ஸ்பெர்க், 1902இல் கல்கத்தாவில் கோஹர் ஜானைப் பதிந்த அதே மனிதர். உச்ச சுரம் வரும்போதெல்லாம் பாட்டியைக் கூம்பிலிருந்து பின்னால் இழுப்பது அவர் வேலை. முதலில் பாட்டி கொதித்ததையும், தட்டைக் கேட்டபின் மன்னித்ததையும் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அந்த உச்ச சுரங்கள் அடங்கி ஒலிப்பதை முதிர்ந்த கலைஞரின் பக்குவம் என்று சிலாகிப்பவர்கள், கேய்ஸ்பெர்க்கின் கைக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.